செயலாளரின் ஆண்டறிக்கை: சனசமூக நிலையம், நெடுந்தீவு

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நிர்வாகசபை எட்டுத் தடவை கூடியது. அதில் இரண்டு கூட்டம் ஆள் போதாமல் கலைந்தது. படகு ஓடாத நாட்களைத் தவிர வாசிகசாலைக்குப் பத்திரிகை தவறாமல் வந்தது. பரிசளிப்பும் விளையாட்டுப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குச் சொல்ல இருப்பது ஒழுங்கைப் பக்கக் கல்வேலியைப் பற்றித்தான்.

போன மாரியில் 42 அடி வேலி வயிறு தள்ளி, அப்படியே ஒரு துண்டாகச் சாய்ந்தது. பழி மழைமேல் போடப்பட்டது. உண்மையில் சில வருடங்களுக்கு முன் மேல்வரிசைக்குச் சீமெந்து பூசத் தீர்மானித்தது நாங்கள். கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, சாந்தில்லாமல் அடுக்கினால் இடைவெளியால் காற்றும் தண்ணீரும் போகும். நிலம் கொஞ்சம் இறங்கினால் கல்லும் கூடவே இறங்கி உட்காரும். சீமெந்துத் தலை இறங்கவில்லை. கீழே பூவரசம் வேர் தள்ள, மேலே அது பலகை மாதிரி நின்று கடைசியில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

வேலியைத் திருப்பிக் கட்டச் சிரமதானம் வைத்தோம். முதல் நாள் எங்கள் பொடியள் அலவாங்கோடு இறங்கி மத்தியானத்துக்குள் 10 அடியைப் பிரித்து, எல்லாக் கல்லையும் ஒரே குவியலாக எறிந்துவிட்டார்கள். நல்ல வேகம் என்று நானும் பிளேன்ரீ கொடுத்தேன். பின்னேரம் வேலி கட்டிப் பழகிய மூத்த அங்கத்தவர் ஒருவர் வந்து குவியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கல்லை ஒருக்கா எடுத்து ஒருக்கா வைக்கவேணும். இப்பிடிக் குவிச்சா நாலுதரம் தூக்குவியள்.” அடுத்த நாள் முழுக்க அந்தக் குவியலைப் பிரிப்பதிலேயே போனது.

மீதியை அவர் சொன்னபடி பிரித்தோம். வேலியை ஒட்டி இரண்டடி நடைபாதை விட்டு, மேல்வரிசைக் கல் கடைசியில்தான் தேவை என்பதால் அதைத் தூரத்தில் வைத்தோம். அதற்கு இப்பால் நடுவரிசைக் கல், பெரியதும் சிறியதும் தனித்தனியாக. அத்திவாரக் கல் கைக்கெட்டும் தூரத்தில். வேலியின் இரு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக்கல் கிடைத்தால் அது தனி வரிசை. இந்த 42 அடியில் 19 தான் தேறியது. நடுவில் நிரப்பும் சிறுகல்லைக் கடகத்தில் அள்ளி, மண்ணை உதறிவிட்டுச் சேர்த்தோம். மண்ணோடு திரும்பப் போட்டால் மழையில் கரைந்து நடுவில் பொந்து விழும்.

எதையும் புரட்டி வைக்க அவர் விடவில்லை. வெளியே பார்த்த முகம் கறுத்துப் பாசி பிடித்திருக்கும். உடைந்த பக்கம் சுண்ணாம்பு வெள்ளை, அதில் பழைய முருகையின் நெளிவரி தெரியும். கறுத்த முகம்தான் மறுபடி வெளியே வரவேண்டும். சீமெந்து ஒட்டின கல்லைத் தட்டினால் சீமெந்து விடாது, கல்தான் நொறுங்கும். அவை எல்லாம் ஒழுங்கைப் பள்ளத்துக்குப் போயின. இரண்டு பேருக்குத் தேள் கொட்டியது, ஏழெட்டுப் பேருக்குக் கை கீறியது. அடுத்த தடவை கையுறை வாங்கவேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தென்னோலைக் கிடுகு வேலி, நமக்குக் கல்வேலி. யுனெஸ்கோ 2018இல் சாந்தில்லாக் கல்கட்டும் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் கிரேக்கமும் இத்தாலியும் சுவிற்சர்லாந்தும் உண்டு, நாங்கள் இல்லை. சரி, அது வேறு கதை. கடலோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை என்பதால், இருக்கிற கல்லை வைத்துத்தான் கட்டியாகவேண்டும்.

இதுவரை 30 அடி எழும்பியிருக்கிறது. மீதி 12 அடிக்கான கல் ஒழுங்கையோரம் வரிசையாகக் கிடக்கிறது. அங்கே கிரிக்கெட் விளையாடும் பிள்ளைகள் நீளக்கல்லை விக்கெட்டாக நட்டிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே வரிசையில் வைத்துவிடும்படி பெற்றோர் சொல்லவும். கோழிக்கூட்டுக்கு எடுத்துப் போனவர் யாரென்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை, நாலு கல்லும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் போதும்.

செயலாளர்