பயணத்துக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். வயது 68. போன மழைக்காலத்தில் கோவையில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, அடைத்திருக்கும் சதையைச் சுரண்டி எடுக்கும் முறை. சிறுநீர் வெளியேறப் போட்டிருக்கும் டியூபை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை.

உள்ளே புண் ஆறச் சில வாரங்கள் ஆகும். வருடக்கணக்கில் அடைப்போடு போராடிய சிறுநீர்ப்பை உடனே அடங்கிவிடாது. வருகிற மாதிரி இருக்கிறது என்று எழுவதற்குள் வந்துவிடும். இருமினால் சொட்டும். இரண்டாவது வாரம் வாக்கில் உள்ளே பக்கு உதிரும்போது, தெளிந்திருந்த சிறுநீர் மறுபடி சிவக்கலாம். தண்ணீர் நிறையக் குடித்து ஓய்வாக இருந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, குளிர்காய்ச்சல் கண்டாலோ மட்டும் டாக்டரிடம் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஏறக்குறைய 6000 அடி உயரத்தில் இருக்கிறோம். குளிரில் சிறுநீர் கூடுதலாகவே பிரியும். குளிருக்கு இதமாக டீ குடித்தால் அவசரம் இன்னும் கூடும். இந்த உடம்போடு செக்கப்புக்குக் கோவை போக, மேட்டுப்பாளையம் வழியாக இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. விடிகாலைப் பஸ்ஸுக்குப் போனால் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. மலை வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வயதானவருக்குக் கூச்சம். அதனால் என்ன செய்கிறார்கள்? முதல் நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். என் சம்பந்தி அப்படித்தான் செய்தார். எரிச்சல் தாங்காமல், காய்ச்சலோடுதான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் கூடும், கிருமித் தொற்றுக்கும் வழியாகும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் மகனிடமும் மருமகளிடமும் வாய்விட்டுச் சொல்லவும் அவரால் முடியவில்லை. எனக்கு அதுதான் இன்றும் வேதனை.

வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டர்கள் இதையெல்லாம் நோயாளியையும் வீட்டாரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி, சில நொடி வைத்து, விடும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்பதையும் சொல்லட்டும். எனக்கு அது நன்றாகவே உதவியது. பெரியவர்களுக்கான டயப்பர் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறது. பயணத்துக்கு அதைக் கட்டிக்கொள்வதில் எந்தக் கேவலமும் இல்லை.

மலைப் பாதையில் உள்ள பேருந்து நிலையக் கழிப்பறைகளை முதல் பஸ் கிளம்பும் முன்பே திறந்து, இரவு கடைசி பஸ் வந்து சேரும்வரை வைத்திருக்க உள்ளாட்சி அமைப்புகள் ஏற்பாடு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே அவதிதான். அவசரம் என்று ஒரு பெரியவர் கேட்டால், பாதுகாப்பான இடம் பார்த்து இரண்டு நிமிடம் நிறுத்தும்படி ஓட்டுநர், நடத்துநர்களுக்குப் போக்குவரத்துக் கழகம் அறிவுறுத்த வேண்டும். பனிக்காலம் தொடங்கும் முன் இதைச் செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்