மே மாதம் வரை பொறுத்திரு

ஹூஸ்டன்,
மார்ச் 4

அன்புள்ள சபேசன்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கொல்லையில் கம்பம் நட்டு, கூடாகப் பன்னிரண்டு சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டு, இரண்டு வசந்தங்கள் கழிந்தும் ஊதா மார்ட்டின் என்னும் அந்தத் தகைவிலான் இனப் பறவை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை என்று நீ வருந்தி எழுதியிருந்ததைப் படித்தபோது, இந்தப் புறநகருக்குக் குடிவந்த புதிதில் நாள்தோறும் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்த என் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன.

இங்கே முதல் ஆண் பறவை பிப்ரவரி 5 அன்று வந்துவிட்டது. காலை எட்டு மணி இருக்கும். கருநீலம் பளபளக்கக் கம்பத்தின் உச்சியில் அமர்ந்து, நேற்றுத்தான் கிளம்பிப்போனது போலத் தொண்டைக்குள் கரகரத்துக்கொண்டிருந்தது. இப்போது ஏழு இணைகள் உள்ளன. இவை அடுத்த மாதம் பென்சில்வேனியாவுக்கு, உன் பக்கம் வருமா என்று கேட்டிருந்தாய். வாரா. முதலில் வரும் பறவையை இங்குள்ளவர்கள் 'ஸ்கவுட்' என்கிறார்கள். கூட்டத்துக்கு முன்னே வந்து இடம் பார்த்துவிட்டுத் திரும்பிப்போய்ச் செய்தி சொல்லும் ஒற்றன் என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் அது சென்ற ஆண்டு இதே கம்பத்தில் குஞ்சு பொரித்த மூத்த பறவை. தன் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறது. ஏப்ரலில் உன் ஊருக்கு வரும் மூத்த பறவைகளும் அவ்வாறே தத்தம் பழைய கம்பங்களைத் தேடிச் செல்பவை. உன் குடுக்கைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை திரும்பிப் பார்ப்பது அரிது.

உனக்குக் கிடைக்கக்கூடியவை சென்ற ஆண்டு பிறந்த இளம் பறவைகள்தாம். பிறந்த கம்பத்துக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. மூத்தவை வந்து பல வாரங்கள் கழித்து, மே மாதத்திலும் சில வேளை ஜூன் தொடக்கத்திலும்கூட வந்து இடம் தேடும். நீயோ இரண்டு ஆண்டுகளும் மார்ச்சிலேயே வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறாய். உரியவர் வருமுன் சிட்டுக்குருவிகள் குடியேறிவிட்டதில் வியப்பில்லை. இம்முறை மூத்த பறவைகள் உன் வட்டாரத்தில் தென்பட்டு ஏறத்தாழ நான்கு வாரங்கள் கழியும் வரை வாசல்களை அடைத்தே வை. முதலில் சாம்பல் நிறப் பறவை ஒன்று இறங்கினால் பெண் என்று முடிவு கட்டிவிடாதே. ஓராண்டு வயதுடைய ஆணும் ஏறக்குறைய அந்த நிறத்தில்தான் இருக்கும்.

சிட்டுக்குருவியைப் பற்றி எழுதும்போது கை கூசுகிறது. மார்ச் 20 அன்று ஊரில் சிட்டுக்குருவி நாள் கொண்டாடி, அழிகிறதே என்று வீட்டுக்கு வீடு கூண்டு மாட்டுவார்கள்; நான் இங்கே அதன் கூட்டைக் கலைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் இந்த நிலத்துக்கு அது 1850களில் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்ட குடியேறி. மைனாவின் உறவான ஸ்டார்லிங் 1890இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் விடப்பட்டது. இரண்டும் மார்ட்டினின் முட்டையை உடைக்கும், பொந்தைப் பிடுங்கும். ஸ்டார்லிங்கைப் பிறை வடிவ வாசல் தடுக்கும்; குருவியைத் தடுக்காது. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே மார்ட்டின்கள் இன்று மனிதர் வைத்த கூடுகளையே ஏறத்தாழ முழுவதுமாக நம்பியிருப்பதால் (சாக்டா, சிக்கசா என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்கள் சுரைக்குடுக்கை கட்டித் தொடங்கிவைத்த உறவு இது) காவல் வேலையும் நம் தலையில்தான் விழுகிறது.

அவை வரும் வேகத்தைப் பற்றிய ஒரு செய்தி உனக்குப் பிடிக்கும், ஏனெனில் அது உன் மாநிலத்துப் பறவையைப் பற்றியது. கனடாவின் யார்க் பல்கலைக்கழகப் பறவை ஆய்வாளர் பிரிட்ஜெட் ஸ்டச்பரி 2007இல் பென்சில்வேனியாவின் மார்ட்டின்கள் சிலவற்றின் முதுகில் நாணயத்தைவிட எடை குறைந்த ஒளிப்பதிவுக் கருவியைக் கட்டி அனுப்பினார். பொழுது புலர்ந்து சாயும் நேரத்தை அது குறித்துக்கொள்ளும். பகலின் நீளத்திலிருந்து அட்சரேகையையும், நண்பகல் நேரத்திலிருந்து தீர்க்கரேகையையும் கணக்கிடலாம். அடுத்த வசந்தத்தில் பிடிபட்ட ஒரு பெண் பறவை, அமேசான் படுகையிலிருந்து சுமார் 7,500 கிலோமீட்டரை 13 நாட்களில் கடந்து வந்திருந்தது. இலையுதிர் காலத்தில் தெற்கே போக அதற்கு 43 நாட்கள் ஆயின. நல்ல பொந்தைப் பிறர் பிடிக்குமுன் வந்துவிட வேண்டும் என்ற அவசரம்!

அந்த அவசரத்துக்கு விலையும் உண்டு. 2021 பிப்ரவரியில் இங்கே உறைபனி கொட்டியபோது, வந்து இறங்கியிருந்த மூத்த பறவைகள் பல பட்டினியால் மடிந்தன. வெப்பம் 50 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பூச்சிகள் பறப்பதில்லை. மார்ட்டினோ பறக்கும் பூச்சியை அந்தரத்தில் பிடித்தே உண்ணும். மின்சாரம் இல்லாத வீட்டுக்கு வெளியே கம்பளியைப் போர்த்தி நின்று, பிளாஸ்டிக் கரண்டியால் வெட்டுக்கிளிகளை மேலே சுண்டிவிட்டேன். பத்தில் ஒன்றைத்தான் கவ்வின. ஐந்து பறவைகளில் இரண்டு பிழைத்தன. உன் ஊர் ஏப்ரலை நம்ப முடியாது. உறைபெட்டியில் புழுக்களோ வெட்டுக்கிளிகளோ கொஞ்சம் வைத்திரு.

கொசுத்தொல்லை ஒழியும் என்று தங்கை விசாலாட்சியிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தால், அதை இப்போதே திருத்திச் சொல்லிவிடு. மார்ட்டின் பகலில் உயரத்தில் தும்பிகளைத் துரத்துகிறது. கொசு அதன் உணவில் மிகச் சொற்பம்.

கம்பத்துக்கும் அருகிலுள்ள மரத்துக்கும் நாற்பது அடி இடைவெளி இருக்கிறதா என்று நாடாவை வைத்து அளந்து எழுது. அந்த மேப்பிள் மரம் புகைப்படத்தில் மிகவும் நெருங்கித் தெரிகிறது.

அன்புடன்,
கதிரேசன்