குறிஞ்சித் தாள்களில் உயரம் அடியா, மீட்டரா?

ஆசிரியருக்கு,

நீலக்குறிஞ்சி எங்கே, எப்போது பூத்தது என்பதற்கு செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கும் உலர்தாவரத் தொகுப்புகளே (ஹெர்பேரியம்) நல்ல சான்று. கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்றவற்றின் பழைய தாள்களைக் கணினியில் ஏற்றும்போது இரண்டு பிழைகள் நேர்கின்றன. செடி எடுத்த இடத்தின் உயரம் பெரும்பாலும் அடியில் இருக்கும். 6,000 அடி என்பது சுமார் 1,830 மீட்டர். அலகை விட்டுவிட்டு வெறும் 6,000 என ஏற்றினால், 2,637 மீட்டர் தொட்டபெட்டாவையும் தாண்டிச் செடி நிற்கும்! அடுத்து, சேகரித்தவர் ஒரே எண் இட்ட நகல் மாதிரிகள் பல நிறுவனங்களில் இருக்கும். சேகரித்தவர் பெயர், எண், தேதி மூன்றையும் ஒப்பிடாவிட்டால் ஒரு செடி மூன்றாகிவிடும்.

2030-இல் குறிஞ்சி மீண்டும் பெருவாரியாகப் பூக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. வனத்துறை அனுமதியோடு மாதிரி எடுப்போர் பூங்கொத்தை மட்டும் கிள்ளி வர வேண்டாம். குறிஞ்சி இனங்கள் பல. தண்டும் இலையும் இல்லாமல் பிரித்தறிவது கடினம். அழுத்தும்போது ஓர் இலையை அடிப்பக்கம் தெரியத் திருப்பி வையுங்கள். முதல் சில நாள்கள் ஈரம் உறிஞ்சும் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்தால் நீலம் மங்கும், ஆகவே நிறத்தை அங்கேயே குறித்துவிட வேண்டும். மலைச்சரிவு முழுக்கப் பூத்ததா, தனிச்செடியா என்ற ஒரு வரியும் அவசியம். பழைய தாள்கள் பலவற்றில் அதுதான் இல்லை.

– தாவரவியல் ஆசிரியர், கோவை