மச்சான், அந்த நீல வாளியைப் பற்றி

மச்சான்,

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சென்னையில் வண்ணமீன் கண்காட்சி. போன வருஷமும் இதே வாரம்தான். நீ போகிறாய் என்று சொன்னவர்கள், என்னைக் கூப்பிடவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். நேரில் பேசினால் பாதியில் எழுந்து போய்விடுவாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடம், ஆகையால் எந்த ஸ்டால், என்ன விலை என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். முக்கியமாக விலையை. தங்கச்சியும் படிப்பாள்.

நேராக வாளிக்கே வருகிறேன்.

ராத்திரி எட்டரை. போன வருஷக் கண்காட்சியில் நீ வாங்கிய டிஸ்கஸ், அதுதான் தட்டு மாதிரி வட்டமான அந்த மீன், காலை பதினொரு மணிக்குக் கட்டிய பையில். ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாக உருவி உன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாய். மீனையும் தண்ணீரையும் வாளியில் கவிழ்த்தோம். மீன் உன் தண்ணீருக்கு மெல்லப் பழகட்டும் என்று ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, உன் டேங்க் தண்ணீர் நொடிக்கு இரண்டு சொட்டு விழும்படி வைத்தது நான். மூச்சு முட்டுமே என்று காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனைப் போட்டதும் நான். "ரெண்டு மணி நேரம் ஆகட்டும், அவசரப்படாதே" என்றதும் நான்தான். ஒன்பதேகாலுக்கு டிஸ்கஸ் வாளியின் சுவரில் சாய்ந்தது. ஒரு கண் மேலே பார்த்தபடி, செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பயணக் களைப்பு என்றேன். நீ நம்பினாய்.

களைப்பு இல்லை மச்சான். கட்டிய பைக்குள் மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது, கூடவே கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. அந்த வாயு வெளியே போக வழியில்லாமல் தண்ணீரிலேயே கரைவதால் பிஹெச் இறங்குகிறது, அதாவது தண்ணீர் அமிலத்தன்மை அடைகிறது. பிஹெச் இறங்கிய தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாகவே கிடக்கும், மீனை அவ்வளவாகச் சீண்டாது. அதாவது ஒன்பதரை மணி நேரமும் அந்த அழுக்குத் தண்ணீர்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. பையைத் திறந்ததும் வாயு பறக்க ஆரம்பிக்கிறது. ஏர் ஸ்டோன் அதை இன்னும் வேகமாக விரட்டுகிறது, பிஹெச் ஏறுகிறது. போதாக்குறைக்கு உன் போர் தண்ணீரின் பிஹெச் 8. பிஹெச் ஒரு புள்ளி ஏறினால் அதே அம்மோனியாவின் நச்சுப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். 28 டிகிரியில், பிஹெச் 6.5-இல் கால் சதவீதம்கூட நச்சாக இருக்காது. 8-க்குப் போனால் 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். சொட்டுச் சொட்டாக நாம் ஏற்றிக்கொண்டிருந்தது அதைத்தான்.

கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வரும் மீனுக்குச் சொட்டு முறை சரி. பையில் அவ்வளவு அம்மோனியா சேர்ந்திருக்காது. அதையே மணிக்கணக்கில் பயணம் செய்த மீனுக்கும் செய்தது என் தப்பு.

நீ கேட்காமலே விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மீனுக்கு நான் அதைச் செய்யவில்லை. வீட்டுக்குப் போகும்போது பதினொன்று. தூக்கம். பையை அவிழ்க்காமல், புது மீனைத் தனியாக வைக்கும் குவாரண்டைன் டேங்கில் 20 நிமிஷம் மிதக்கவிட்டேன், வெட்டினேன், வலையில் எடுத்து விட்டேன், பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். அவ்வளவுதான். அது பிழைத்து, இந்தச் சித்திரையில் களிமண் கூம்பில் முட்டையும் வைத்துவிட்டது. உனக்கு ஒரு முறை, எனக்கு ஒரு முறை என்று நான் பிரித்து வைத்திருந்ததாக நீ நாலு பேரிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. சோம்பேறித்தனம் செய்தேன், மீன் பிழைத்தது. கவனமாகச் செய்தேன், உன் மீன் செத்தது. இதை எந்த முகத்தோடு உன்னிடம் வந்து சொல்வது?

ஆனால் மச்சான், ஒன்பதரை மணி நேரம் எப்படி ஆயிற்று? முன்பணம் கொடு, மீன் தொட்டியிலேயே இருக்கட்டும், கிளம்பும்போது கட்டச் சொல்வோம் என்று நான் சொன்னேனா இல்லையா? "நல்ல மீனை எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்" என்று நீதான் காலையிலேயே கட்டவைத்தாய். பிறகு அந்தப் பையோடு அரங்கம் முழுக்கச் சுற்றினாய், கேட்டவனுக்கெல்லாம் தூக்கிக் காட்டினாய். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி டீ குடித்த இடத்தில் பையின் முடிச்சு தளர்ந்திருந்ததைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். ஒருமுறை திறந்தால் உள்ளே இருந்த ஆக்சிஜன் போய் வெறும் காற்றுதான் மிஞ்சும். தண்ணீரின் உப்பை வடிகட்டும் ஆர்ஓ மெஷின் வாங்கு என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததையும் நான் இழுக்கவில்லை.

சரி. இந்தத் தடவை எப்படியும் வாங்குவாய், உன்னை எனக்குத் தெரியும். பரிசு பெற்ற மீன்கள் முன்வரிசையில் இருக்கும், அங்கே நின்று ஏங்காதே. விற்பனைத் தொட்டிகளில் சிவப்பு லைட் போட்டிருப்பார்கள், அதன் கீழே எல்லா மீனும் அழகிதான். ஒரு நிமிஷம் அணைக்கச் சொல். முகம் சுளித்தால் நகர்ந்துவிடு. உடம்புக்குக் கண் பெரிதாகத் தெரிந்தால் வளர்ச்சி குன்றிய மீன், எவ்வளவு தீனி போட்டாலும் வட்டமாக வராது. இரண்டு செவுளும் சமமாக அசைகிறதா பார். ஒரு பக்கத்தை மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விட்டால் செவுளில் புழு இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை நூல் மாதிரிக் கழிவு தொங்கினால் வயிற்றில் கோளாறு.

உனக்குப் பிடித்த பிஜியன் பிளட் வகையில் இன்னொரு தொல்லை உண்டு. மற்ற டிஸ்கஸ் பயந்தால் உடம்பில் ஒன்பது கறுப்புப் பட்டை விழும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இதற்கு அந்தப் பட்டையே கிடையாது. மிளகுத் தூள் தூவியது போன்ற புள்ளிகள் கறுத்துக்கொண்டே வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கண்ணெதிரே ஒரு துளி தீனி போடச் சொல்லாதே. தின்கிறதா என்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய மீனைக் கட்டுவதற்கு முன் 24 மணி நேரமாவது பட்டினி போட வேண்டும். இல்லையென்றால் வழியெல்லாம் பைக்குள் கழிந்துகொண்டே வரும். தின்பதைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் முதல் நாளே போய்ப் பார், மறுநாள் எடு.

ஒரு பைக்கு ஒரு மீன். இரட்டைப் பை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். பையைப் படுக்கவைத்தால் தண்ணீரின் மேற்பரப்பு கூடும், ஆக்சிஜன் நன்றாகக் கரையும். தெர்மாகோல் பெட்டியை வீட்டிலிருந்தே எடுத்துப் போ, அங்கே கேட்டால் இருக்காது. மூடியைப் போட்டுவிட்டால் வீடு வரைக்கும் திறக்காதே. யார் கேட்டாலும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஸ்டால்காரரிடம் அவர் தண்ணீரின் பிஹெச்சும், கரைந்திருக்கும் உப்பின் அளவான டிடிஎஸ்ஸும் கேள். சொல்லத் தெரியவில்லை என்றால் உன் மீட்டரைத் தொட்டியில் வைத்துப் பார். உடனே வீட்டுக்குப் போன் போடு. தங்கச்சியோ பையனோ இரண்டடி டேங்கில் ஆர்ஓவும் போர் தண்ணீரும் கலந்து அந்த அளவுக்குக் கொண்டுவந்து வைக்கட்டும், ஹீட்டர் 29-இல் ஓடட்டும். மீனைத் தண்ணீருக்குப் பழக்க வேண்டாம், தண்ணீரை மீனுக்குப் பொருந்தும்படி செய்து வைத்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் லைட்டை அணை, 20 நிமிஷம் மிதக்கவிடு, பையை வெட்டு, மீனை மட்டும் எடுத்து விடு. பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட டேங்கில் விழக்கூடாது. அடுத்த இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உன் தண்ணீருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதல் நாள் தீனி வேண்டாம். ஆறு வாரம் தனி டேங்க், தனி வலை, தனி வாளி. நாலாவது வாரத்தில் உன் பழைய மீன்களில் ஒன்றை அதோடு விட்டுப் பார். நோய் இருந்தால் அதில் தெரியும். எந்த மீனை விடுவது என்று நீ ராத்திரி முழுக்க யோசிப்பாய். நானும் யோசித்தேன்.

அந்த வாளியை நீ இன்னும் மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்திருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். கோபத்தில் வைத்திருக்கிறாயா, தூக்கிப்போட மனசில்லையா தெரியவில்லை. எனக்கும் அதைப் பார்க்கத் தைரியம் இல்லை, அதனால்தான் பொங்கலுக்குக்கூட வரவில்லை. நீயும் வா என்று சொல்லவில்லையே!

உனக்காக ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரை என் பெரிய டேங்கில் ஆறு வாரமாக ஓடவிட்டு வைத்திருக்கிறேன். பழுத்துவிட்டது, கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியா அதில் குடியேறிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துப் போ. குழாய்த் தண்ணீரில் அலசாதே, குளோரினில் பாக்டீரியா செத்துவிடும். பையிலும் கட்டாதே. என் டேங்க் தண்ணீரிலேயே மூழ்கவைத்து, திறந்த வாளியில் கொண்டுபோய் அரை மணி நேரத்துக்குள் ஓடவிடு. வேறு வாளி எடுத்துக்கொண்டு வா.