பொழுது போகாமல் நாங்கள் தவிக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பத்து வழிகள் சொல்லியிருந்தீர்கள். வழிகளோடு எனக்குச் சண்டை இல்லை. நடக்கச் சொன்னீர்கள், நடக்கிறேன். செடி வளர்க்கச் சொன்னீர்கள், வளர்க்கிறேன். பாதி பட்டுப்போகிறது, ஆனாலும் வளர்க்கிறேன். ஆனால் நான்காவது பத்தியில் ஒரு வரி: “கொட்டிக் கிடக்கும் நேரத்தை எப்படியாவது கழித்தாக வேண்டுமே என்ற கவலை இனி வேண்டாம்.” அந்த ‘எப்படியாவது’ மூன்று நாளாகச் செருப்புக்குள் மாட்டிய கல்லைப் போல உறுத்திக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் நேரம் எந்த மூலையில் கொட்டிக் கிடக்கிறது என்று கட்டுரையாளர் வந்து காட்டினால் அள்ளி எடுத்துக்கொள்வேன். 34 ஆண்டுகள் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மறுவாரமே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சீட்டு ஏறியது. குழாய் பழுதுபார்க்க ஆள் வருவார், கூரியர் வரும், வங்கிக்குப் போக வேண்டும், மாத்திரை தீர்ந்துவிட்டது. மருமகன் குழாய்க்காரரிடம் தொலைபேசியில் சொன்னதையும் கேட்டேன்: “மாமா வீட்டில் சும்மாதான் இருப்பார், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.” நல்ல பிள்ளைதான். ஆனால் அந்தச் ‘சும்மா’வுக்கும் உங்கள் கட்டுரையாளரின் ‘எப்படியாவது’வுக்கும் தாய் ஒன்றே என்று தோன்றுகிறது.

என் மனைவி சம்பள வேலைக்குப் போனவர் அல்லர். ஆகவே அவருக்கு ஓய்வு பெறும் தேதி என்ற ஒன்று வரவே இல்லை. இணைப்பிதழை அவரிடம் நீட்டினேன். படித்தார். “இதில் எனக்கு எத்தனையாவது வழி?” என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். இதற்கான பதிலை நீங்களே அவருக்கு எழுதலாம்.

அடுத்தது அந்த மோசஸ் பாட்டி, முதுமையில் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர். எங்களுக்கு அறிவுரை சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். 78 வயதில் தூரிகை எடுத்தாராம், ஆகவே நீங்களும் எடுங்கள். அந்த அம்மையார் பொழுது போகாமல் தூரிகையைத் தொட்டவர் அல்லர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆயுள் முழுவதும் பண்ணை வேலை பார்த்தவர், நூலால் படங்கள் பின்னிக்கொண்டிருந்தவர். மூட்டுவலியில் ஊசி பிடிக்க முடியாமல் போனதால் தூரிகைக்கு மாறினார். அதாவது செய்துகொண்டிருந்த வேலையை விடாமல் செய்ய வழி தேடினார். கட்டுரையில் வயது மட்டும் இருக்கிறது, ஊசியைக் காணோம்.

1889-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது அதற்குரிய வயது 70. அன்றைக்கு அந்த வயதைத் தொட்டவர்கள் குறைவு. தொட்டவர்களுக்கும் ஓய்வு என்பது மிச்ச நாள்தான். இன்று பலருக்கு அது 20 ஆண்டுகளைத் தாண்டுகிறது. அந்த 20 ஆண்டுகளுக்கு நீங்கள் தருவது ஒரு பக்கம். அதிலும் பாதி, காது கேட்கும் கருவி விளம்பரம். மீதியில் பூங்கா பெஞ்சில் இரண்டு நரைத்த தலைகள் எதையோ பார்த்துச் சிரிக்கும் படம். இதே படத்தை மலச்சிக்கல் பற்றிய கட்டுரைக்கும் போட்டிருந்தீர்கள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதைப்பற்றிச் சென்ற ஆண்டே இரண்டு பக்கம் எழுதினேன். “முதியோர் பக்கம் தொடர்ந்து வருவது மகிழ்ச்சி” என்ற முதல் வரியை மட்டும் எடுத்து வெளியிட்டீர்கள். அந்த வரியை மரியாதைக்காகத்தான் போட்டேன். இந்த முறை போடவில்லை.

சேவை செய்யுங்கள் என்பது உங்கள் ஏழாவது வழி. போனேனே! ஒரு நிறுவனத்தில் படிவம் நிரப்பச் சொன்னார்கள், புகைப்படம் ஒட்டச் சொன்னார்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். இரண்டு ஆண்டுகளாக என் புகைப்படம் மட்டும் அங்கே சேவை செய்துகொண்டிருக்கிறது. இன்னோர் இடத்தில் அக்டோபர் 1, உலக முதியோர் நாளன்று முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். “உங்கள் அனுபவம் எங்கள் சொத்து” என்று மேடையில் சொன்னார்கள். மறுநாளிலிருந்து அந்தச் சொத்தை யாரும் கேட்டு வரவில்லை.

கடைசியில் எனக்கு வேலை கொடுத்தவர் பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருவர். பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் மூலம் கேட்டிருந்தார். முதல் நாள் ஓரிடத்தில் ‘படம் 3-ஐப் பார்க்க’ என்று வந்தது. வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். “ஐயா, படத்தைச் சொல்லவில்லையே” என்றார். வாழ்நாளெல்லாம் கோடு போட்டுப் பிழைத்தவனுக்கு அந்த ஆற்றுப் படத்தை வாயால் சொல்ல வரவில்லை. அன்றிரவு கெட்டி அட்டையில் பசை தொட்டு நூலை ஒட்டினேன்: எல்லைக்கு மெல்லிய நூல், ஆற்றுக்குத் தடித்த நூல், கிளையாறுகள் எல்லாம் ஒன்றுவிடாமல். பார்த்தவர்கள் மெச்சினார்கள். அவர் விரலால் தடவிவிட்டு, “நெருக்கமாக இருக்கும் கோடுகள் ஒன்றாகத் தெரிகின்றன ஐயா” என்றார். பிறகு, “இந்த ஆறு கடலில் சேரவே இல்லையே!” குனிந்து பார்த்தேன். நூல் ஒரு விரற்கடை முன்பாகவே நின்றிருந்தது. என் வரைபடத்தில் இத்தனை நுட்பமாக எந்த மேலதிகாரியும் பிழை கண்டதில்லை. கிளையாறுகளைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.

இப்போது பிரெயில் பழகுகிறேன். லூயி பிரெயில் தம் 15-ஆவது வயதில், 1824-இல், ஆறு புள்ளிகளை வைத்து உருவாக்கியது. எனக்கு 66. எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால்தான் புள்ளிகள் மேடாக எழும்பி இடமிருந்து வலமாகப் படிக்க வரும். ட்ரேசிங் தாளைப் புரட்டிப் பார்த்தே காலம் கழித்தவன் என்பதால் இது மட்டும் சுலபமாகப் பிடிபட்டது. விரல்தான் இன்னும் மக்கு. கண்ணால் பார்த்துவிட்டு விரலால் படித்ததாகச் சொல்லிக்கொள்கிறேன். வியாழன்தோறும் மாலை 4 மணிக்கு அவர் எனக்காகக் காத்திருப்பார். அந்த நேரத்தில் குழாய்க்காரர் வரக்கூடாது என்று குளிர்சாதனப் பெட்டிச் சீட்டில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில், ஓய்வு பெற்ற வயதினர் படிப்பதற்காக மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் என்று ஒன்று தொடங்கியது. பிரிட்டனுக்குப் போனபோது அது இன்னும் எளிமையாகிவிட்டது: பேராசிரியர் வேண்டாம், தேர்வு வேண்டாம், தெரிந்த உறுப்பினர் தெரியாத உறுப்பினருக்குச் சொல்லிக்கொடுப்பார். தாங்கள் அறியாதது அல்ல. ஆனால் பத்து வழிகளில் அதற்கு இடம் இல்லை, வாய்விட்டுச் சிரிக்கும் பயிற்சிக்கு இருக்கிறது.

நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. சுடோகுவுக்குப் பக்கத்தில் (அதில் போன வாரம் ஒரே வரிசையில் இரண்டு 7) நான்கு விரல் அகலத்துக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். வாசித்துக் காட்ட ஆள் வேண்டும், தேர்வு எழுதித் தர ஆள் வேண்டும், பழுதான மிதிவண்டியைச் சரிசெய்யக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்று கேட்பவர்கள் அதில் கேட்கட்டும். நாளும் மணியும் கட்டாயம் இருக்க வேண்டும். எழுத்து சற்றுப் பெரிதாக இருந்தால் நல்லது.

இக்கடிதத்தைச் சுருக்குவதானால் பிஸ்மார்க்கை எடுத்துவிடுங்கள், மோசஸ் பாட்டியையும் எடுத்துவிடுங்கள். ஆற்றை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர்
(பெயர் வேண்டாம், மருமகனும் உங்கள் வாசகர்தான்.)