திருப்பூருக்கு ஆள் தேடுவோருக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பின்னலாடை உற்பத்தியாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலத்துறைக்கும் வணக்கம்.

பெருமாநல்லூர் சாலையில் 24 மெஷின்களை வைத்து ஜாப் ஒர்க் தைத்துக் கொடுப்பவன் நான். ஆர்டர் கையில் இருந்தும் இன்று ஏழு மெஷின்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன. ‘டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை’ என்று வாசலில் கட்டிய பலகை வெயிலில் வெளுத்து, ‘தேவை’ என்ற சொல் மட்டுமே தெளிவாகத் தெரிகிறது.

ஆள் பற்றாக்குறை என்று பேச்செடுத்தாலே, இன்னும் தொலைவான ஊரிலிருந்து ஆள் கொண்டுவருவதுதான் வழி என்கிறோம். முதலில் தென்மாவட்டங்களுக்குப் போனோம். பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று தேடினோம். வந்தவர்கள் ஏன் தங்கவில்லை என்று கேட்க நமக்கு நேரமிருந்ததில்லை.

என்னிடம் மூன்றாண்டுகள் பேட்லாக் தையல் மெஷின் ஓட்டிய ஒடிசா டெய்லர் ஒருவர், மனைவியையும் குழந்தையையும் அழைத்துவர விரும்பி இரண்டு மாதம் வீடு தேடினார். ஐந்து பேர் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு படுக்கும் லைன் வீடுகள்தான் கிடைத்தனவே தவிர, தனியாகக் குடும்பம் நடத்த ஒரு வீடு அவர் கட்டக்கூடிய அட்வான்ஸுக்கு அமையவில்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போனவர், பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாகப் போனில் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோதும், ஒற்றைப் பையோடு வந்து அறையில் ஐவரில் ஒருவராக இருந்தவர்களுக்குக் கிளம்புவதில் தயக்கம் இருந்திருக்குமா?

உள்ளூர்ப் பெண்களின் நிலையும் இதற்குத் தொலைவில் இல்லை. கைதேர்ந்த டெய்லர்கள் பலர் குழந்தை பிறந்ததும் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். முப்பது பேருக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. ஆனால் இந்த ஊரின் தையலில் கணிசமான பங்கு என்னுடையதைப் போன்ற சிறு யூனிட்களில் நடக்கிறது. அந்த எண்ணிக்கையை நாங்கள் எட்டுவதே இல்லை. ஒரே தெருவில் பத்து யூனிட்கள் இருந்து, அவற்றில் நூறு பெண்கள் வேலை செய்தாலும், அங்கே ஒரு தொட்டில்கூட இருக்காது.

தனித்தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்வது நமக்குப் புதிதல்ல. நொய்யல் ஆறு மாசுபட்டதால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, இனித் திருப்பூர் எழாது என்றார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கழிவுநீர் வெளியேறாத முறைக்குக் கூட்டாக மாற்றித்தான் சிறிய பட்டறைகள் மீண்டன. அரசும் வட்டியில்லாக் கடன் கொடுத்து உதவியது. சாயக் கழிவுக்குச் செய்ததை, அந்தத் துணியைத் தைப்பவர்களுக்கும் செய்யலாமே.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. அது பெரிய நிறுவனம் ஒன்றின் தேவையை ஒட்டி எழுந்தது. சிறு யூனிட்களாகச் சிதறிக் கிடக்கும் எங்களுக்காக அப்படிக் கேட்க ஒற்றைக் குரல் இல்லை. சங்கங்கள் அந்தக் குரலாக வேண்டும். ஆனால் விடுதிகளோடு நின்றுவிடாமல், குறைந்த வாடகையில் குடும்பத்தோடு வாழக்கூடிய வீடுகளையும் கேளுங்கள். அனுப்பர்பாளையம், வேலம்பாளையம் போன்ற பகுதிகளில் சில தெருக்களுக்கு ஒன்றாகப் பொதுக் காப்பகம் அமைத்து, காலையில் ஷிப்ட் தொடங்கும் முன்பே அதைத் திறந்து வையுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும் காப்பகத்தால் இந்த ஊருக்குப் பயனில்லை.

காப்பகச் செலவில் மெஷின் கணக்குக்கு எவ்வளவு என்று சங்கம் நிர்ணயித்தால், மூடிக் கிடக்கும் ஏழு மெஷின்களையும் சேர்த்து 24-க்கும் மாதந்தோறும் கட்டிவிடுகிறேன். இடம் தருவது அரசின் பொறுப்பு.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர் ஒருவர்,
திருப்பூர்.