அந்த மூன்று புள்ளிகளுக்காக ஒரு மடல்

உலக ரக்பி அமைப்பின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்ட் 30, நார்தாம்ப்டன். மகளிர் உலகக் கோப்பையில் இங்கிலாந்து 92, சமோவா 3. அந்த மூன்று புள்ளியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சமோவாவின் ஹார்மனி வட்டாவ் அடித்த பெனால்டி அது; எதிரணி செய்த தவறுக்காகக் கிடைக்கும் உதை. பந்து கம்பங்களுக்கு நடுவே போனதும் சமோவா பெண்கள் கோப்பையையே வென்றதுபோலத் துள்ளிக் குதித்துக் கட்டிக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவிடம் 73-0, அமெரிக்காவிடம் 60-0. அந்த உலகக் கோப்பை முழுவதும் அவர்கள் எடுத்த புள்ளிகள் அந்த மூன்றுதான்.

இங்கிலாந்து வீராங்கனைகளுக்கு 2019 முதல் முழுநேரச் சம்பளம். சமோவா அணியில் பலர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். பயிற்சிக்கே நேரம் திருடவேண்டிய பெண்களை, தினமும் ஸ்க்ரம் (இரு அணியினரும் தோள்கொடுத்துத் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது) பழகுகிறவர்களுக்கு எதிரே நிறுத்தினால் வேறு என்ன நடக்கும்?

இப்படிப்பட்ட ஸ்கோரைக் காட்டி, 16 அணிகள் அதிகம், பழையபடி 12 போதும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். 16 ஆக்கியதால்தான் பிரேசில் முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்தது. பிரான்சிடம் 84-5 என்று தோற்ற அன்றைக்குத்தான் பியாங்கா சில்வா பிரேசிலின் முதல் உலகக் கோப்பை டிரையை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளிகள்) போட்டார்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1991-ல் வேல்ஸின் கார்டிஃபில் முதல் மகளிர் உலகக் கோப்பையை நடத்தியது உங்கள் அமைப்பு அல்ல, நான்கு பெண்கள். வந்தவை 12 அணிகள். சோவியத் அணியினர் கையில் காசில்லாமல், விற்றுச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வோட்காவும் பொம்மைகளும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் போட்டியை நீங்கள் அங்கீகரிக்க 2009 வரை ஆனது. அந்த நால்வரில் ஒருவரான டெபோரா கிரிஃபின் 2025-ல் இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் தலைவரானார். அதே ஆண்டு லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்ற இறுதி ஆட்டத்தைப் பார்க்க 81,885 பேர் வந்தார்கள்.

கார்டிஃபில் அன்று காசில்லாமல் நின்றவர்களின் இடத்தில் இன்று சமோவாவும் பிரேசிலும் ஃபிஜியும் நிற்கின்றன. இந்த முறையாவது 18 வருஷம் காக்க வைக்காதீர்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முன்னணி 12 அணிகளை ஒரு பக்கமும் மற்றவர்களை இன்னொரு பக்கமும் ஆடவிடாமல், கீழே இருக்கும் ஒவ்வொரு அணிக்கும் வருஷத்துக்கு இரண்டு ஆட்டமாவது மேலே இருக்கும் அணிகளோடு வையுங்கள். அதில் ஒன்று அவர்கள் சொந்த ஊரில் நடக்கட்டும். சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் இருக்கும் பெண் குழந்தைகளும் பார்க்க வேண்டாமா? அப்புறம், அந்த நாட்களில் வேலைக்குப் போகாததால் போகும் சம்பளத்தை நீங்களே ஈடு செய்யுங்கள்.

ஒரு ஆட்டம் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் இந்தியப் பெண்களின் முதல் வெற்றி 2019-ல் மணிலாவில் வந்தது. சிங்கப்பூரை 21-19 என்று, கடைசி நேரப் பெனால்டியில் வென்றார்கள். அந்த ஆட்டம் அட்டவணையில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வெற்றி எங்கிருந்து வந்திருக்கும்?

அடுத்த உலகக் கோப்பை 2029-ல், ஆஸ்திரேலியாவில். சமோவாவுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. அதற்குள் அவர்கள் எத்தனை பெரிய ஆட்டங்கள் ஆடியிருப்பார்கள் என்பதை அட்டவணை போடும் நீங்கள்தான் முடிவு செய்யப்போகிறீர்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு ரக்பி ரசிகை